கடலடிப் படமும் என் மலைப் பேச்சும்

அவையோருக்கு முதுகு காட்டக் கூடாது என்பது பேச்சு மேடையில் நான் முதலில் கற்ற விதி. அதை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்துக் கல்லூரிப் போட்டிகளில் மூன்று கோப்பைகள் வென்றேன். அதே விதிதான், தமிழரும் கன்னடரும் கலந்து வாழும் நீலசந்திராவில், எங்கள் தெருப் படிப்பகத்தில், கூடம் நிறைந்த மக்கள் முன்னிலையில் என்னைக் கவிழ்த்தது. கவிழ்ந்ததற்கு நன்றியுடையவனாகவே இதை எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்த காலம். மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் அரசின் படவண்டி படிப்பகத்துக்கு வரும். சன்னல்களைச் சாக்குப் பைகளால் அடைத்துக் கூடத்தை இருட்டாக்குவோம். சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் துருவப் பனியில் நாய்கள் வண்டியிழுக்கும், எரிமலை கொப்பளிக்கும், ஒரு விதை நம் கண்ணெதிரே மண்ணைப் பிளந்து இலை விடும். நான் கண்ட உலகத்தின் பெரும்பகுதி அந்த வேட்டிக்குள் கண்டதுதான். ஆனால் விளக்கவுரை ஆங்கிலத்தில் ஓடும். மில்லிலும் கட்டட வேலையிலும் உழைத்து, வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருக்கும் எங்கள் தெருவினர், புரியாமல் பாதியிலேயே எழுந்து போவார்கள்.

மூன்றாம் மாதம், வண்டியோடு வரும் ஆபரேட்டர் என்னை அழைத்தார். அவர் கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசுவார்.

"ஸ்வாமி, படம் முடியறப்ப எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு நான் எழுதிக் கொடுக்கணும். இங்க பெஞ்சுங்கதான் உக்காந்திருக்கு. அடுத்த தடவையும் இப்படின்னா வண்டி வேற ஏரியாவுக்குப் போயிடும்."

"ஒலியைக் குறையுங்கள். தமிழில் நான் பேசுகிறேன். ஒருவர் எழுந்து போனால் என்னைக் கேளுங்கள்" என்றேன். அடுத்து வருவது இமயமலை ஏறும் படம் என்று அறிந்து, எட்டுத் தாள்களில் உரை எழுதி மனப்பாடம் செய்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்து, திரைக்கு அருகில் மக்களைப் பார்த்து நின்றேன்.

"பாரீர்! விண்ணை முட்டும் வெண்பனிச் சிகரம்! அடிமேல் அடி வைத்து ஏறுகிறான் வீரன்! கீழே பாதாளம், மேலே புகழ்!"

எங்கோ ஒருவர் சிரித்தார். குரலை உயர்த்தினேன். சிரிப்பும் உயர்ந்தது. முன்வரிசையில் இருந்த, ஊதுவத்தி உருட்டும் அம்மாள் பொறுக்க மாட்டாமல் கத்தினார்.

"ஏம்ப்பா, அவன் எங்க ஏறறான்? இறங்கறான்! பக்கத்துல மீனு போவுது, திரும்பித்தான் பாரேன்!"

"அது மலை மீனு, அக்கா! கொழம்பு நல்லாருக்கும்!" என்றது பின்வரிசை.

திரும்பினேன். வேட்டித் திரை முழுவதும் கடல். இரும்புத் தலைக்கவசம் அணிந்த ஒருவன் இருண்ட நீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

"மலைப் படம் ஓரம் கிழிஞ்சிருந்துச்சு, இதை மாட்டினேன். கண்ணு இருக்கே, பாத்துப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஆபரேட்டர்.

எட்டுத் தாள்களும் பயனற்றுப் போயின. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நான் போனால் வண்டியும் போய்விடும். அதற்குள் அந்த அம்மாளே கேட்டார்: "சரி விடு. தண்ணிக்குள்ள போனவன் மூச்சு எப்பிடி விடறான்? அதைச் சொல்லு."

அவைக்கு முதுகைக் காட்டியபடி திரையை உற்றுப் பார்த்தேன். "தலையில் ஒரு குழாய் இருக்கிறது. அது மேலே படகுக்குப் போகிறது. படகில் இருவர் காற்றடிக்கிறார்கள்" என்று கண்டதை மட்டும் சொன்னேன்.

"அவங்க கை ஓஞ்சா இவன் கதை முடிஞ்சுதே!" என்றார் ஒருவர்.

அதன் பிறகு, மூழ்கிய கப்பலைத் தேடும் அந்த வீரனை விட்டுவிட்டு, படகில் காற்றடிக்கும் அந்த இருவரையே எல்லோரும் தேடினார்கள். அவர்கள் தோன்றும்போதெல்லாம் "அடி, அடி, விடாதே!" என்று குரல் எழுந்தது.

கிணறுகளில் தூர் வாரும் ஒருவர் எழுந்து நின்றார். "தம்பி, நாலு ஆள் ஆழம் முங்கினாலே எனக்குக் காது குத்தும். அவனுக்குக் குத்தாதா?"

"எனக்குத் தெரியாது, அண்ணே." ஒலிபெருக்கியில் நான் அதுவரை உச்சரித்திராத சொற்கள் அவை. யாரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். ஆபரேட்டர் சுருளைத் திருப்பிச் சுற்றி மீண்டும் ஓட்டினார். இம்முறை நான் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடையே போய் அமர்ந்தேன். ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்ட அவர்களின் தமிழிலும் கன்னடத்திலும் அந்தப் படம் எனக்கு இன்னொரு முறை விளங்கியது.

சாக்குகளை அவிழ்த்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்துத் தாளில் எழுதினார். "ஆயித்து, ஆச்சு ஸ்வாமி, வண்டி இங்கதான் வரும்" என்றார். வணங்கினேன்.

மறுநாள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து, மாலையில் தூர் வாருபவரின் வீட்டைத் தேடிப் போனேன். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் யார் காதையும் வருத்தும், அந்தக் கடல் வீரனும் எச்சில் விழுங்கித்தான் சமாளிப்பான் என்றேன்.

"அப்ப அவனுக்கும் குத்துமா!" என்றார். தம் காதில் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை வருடமாக எண்ணியிருந்தாராம்.