கவிழ்த்தாலும் விழாத தண்ணீர்

விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் போய் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் மேற்பார்வையில் ஆய்வு செய்த மாணவி ஒரு நாள் கண்ணாடிக் குப்பியொன்றைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். உள்ளே இருந்த தண்ணீர் கூழாக உறைந்து, விழாமல் நின்றது. அவள் தயாரித்த பொடியை வடித்த நீரில் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால், மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றி இழைகளாகி, வலைபோல் பின்னித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன என்றாள். அவளுடைய ஆய்வேடே இதன்மேல்தான் நின்றது. அந்த மாதத்துக்குள் நான் கையெழுத்திட வேண்டும்.

தனியாக நானும் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மேசைதான் நனைந்தது.

கடல்பாசித் தூள் ஒரு சிட்டிகை போட்டால் எந்தத் தண்ணீரும் உறையும். அவள் மரக்காணம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைதான் இருந்தது. நன்றாக மறைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் என் எதிரிலேயே செய்யச் சொன்னேன். ஆய்வகத்தில் எல்லாரும் வடித்த நீர் எடுக்கும் பொதுக் கேனை நான் நம்புவதில்லை; நான் செய்தபோது எடுத்த, என் அலமாரியில் வைத்திருந்த வடித்த நீரையே கொடுத்தேன். ஆறிய குப்பியைக் கவிழ்த்தாள். எல்லாம் கொட்டியது.

"என்ன கலந்தே, சொல்லிடு."

"ஒண்ணும் கலக்கல மேடம். நான் எப்பவும் அந்தக் கேன்லேர்ந்துதான் எடுப்பேன். அதுல ஒருவாட்டி பண்றேன், பாத்துக்கினே இருங்க."

கண்ணை எடுக்காமல் பார்த்தேன். உறைந்தது.

கேன் தண்ணீரில் கொஞ்சம் கொதிக்கவைத்து வற்றவிட்டேன். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்தது. ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டேன்.

"தண்ணி வடிக்கிற மெஷின் ரொம்ப நாளா பேஜாரு பண்ணுது மேடம். கேன் காலியா இருந்தா எல்லாரும் சத்தம் போடுறாங்க. அதான் போர் தண்ணி புடிச்சி ஊத்திக்கினு இருந்தேன்."

போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மூலக்கூறுகளைக் கோத்தது அதுவாக இருக்கலாம். என் தண்ணீரில் கால்சியம் உப்பை நானே நிறுத்துப் போட்டுச் செய்தேன், உறைந்தது.

"அப்போ தீசிஸ் போச்சா மேடம்?"

"போகல. வடித்த நீர்னு எழுதின எடத்தையெல்லாம் மாத்து. கால்சியம் அளவைக் கூட்டிக் கொறைச்சு மறுபடி செய். கையெழுத்து அப்புறம்."

"இன்னும் சந்தேகமா?"

"உப்பு மேல."

அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல என் டிராயரைப் பூட்டிக்கிறேன் மேடம்," என்று சொல்லிவிட்டு, தராசின் பக்கம் போனாள்.