கூரைமேல் சிவப்புக் குறி

மதுரைவீரனுக்குப் பேரில்தான் வீரம். மேனேஜர் முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டை. நானும் அவரும் திருநின்றவூரிலிருந்து ஒரே ரயிலில்தான் அம்பத்தூர் கம்பெனிக்குப் போவோம். நான் பேக்கிங், அவர் மெயின்டனன்ஸ். பதினெட்டு வருஷமாக எங்கள் கம்பெனிக் கூரை ஒழுகினால் மேலே ஏறுகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெயிலில் காய்ந்து போன சில ஷீட்டுகள் கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தாங்காத ஷீட் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தனக்குப் பிறகு ஏறுகிறவனுக்கும் தெரியட்டும் என்பார்.

போன ஆடியில், பாதுகாப்புச் சோதனைக்கு ட்ரோன் வரப்போவதாகச் சொன்னார்கள். ஆள் ஏறாமலே கூரையைப் படம் எடுத்துவிடுமாம். இனியாவது ஷீட்டை மாற்றுவார்கள் என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேனேஜர் வெங்கட் இரண்டு நாள் முன்னதாகவே மதுரைவீரனைக் கூப்பிட்டு, கேமராவில் ஒரு குறியும் தெரியக்கூடாது, கூரை முழுக்க சில்வர் பெயின்ட் அடித்துவிடு என்றார். மனுஷன் தலையாட்டிவிட்டு ஏறிப்போய், தான் போட்ட குறிகளைத் தானே மறைத்தார். ரயிலில் நான் திட்டத் திட்ட, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ட்ரோன் வந்தது. கால் மணி நேரம் சுற்றியது. கூரையில் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். வெங்கட் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார், நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

ஐப்பசி மழையில் மிஷின் மேல் ஒழுக ஆரம்பித்தது. ஷீட் மேல் போட்டு நடக்கப் பலகை வேண்டும் என்று மதுரைவீரன் முதல்முறையாக வாய் திறந்து கேட்டார். வெங்கட் செல்போனில் ரிப்போர்ட்டைக் காட்டினார். பயமாக இருந்தால் ஆசிக்கை ஏறச் சொல் என்றார். முகமது ஆசிக் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம், வீட்டில் கைக்குழந்தை. அதைக் கேட்டதும் மதுரைவீரனே ஏணியில் கால் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மடாரென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் வானம் தெரிந்தது.

இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கவனமில்லாமல் கால் வைத்துவிட்டார் என்று கம்பெனி எழுதிக்கொண்டது.

நேற்று அந்த ஓட்டையை அடைக்க ஆசிக்கை ஏறச் சொன்னார்கள். நான் வெங்கட்டிடம் போய்க் கத்தினேன். உன் வேலையைப் பார் என்றார். ஆசிக் ஏணியடியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்தையாண்ட கேளுக்கா. எங்க கால் வெக்கிறது?"

ஸ்பீக்கரில் போன் போட்டேன். மதுரைவீரன் மூச்சு வாங்கினார்.

"வலது பக்கம் மூணாவது ஷீட்டு... இல்ல, நாலாவதா? எல்லாமே சில்வரா கீது சுலோசனா. ஒண்ணும் ஞாபகம் வரல. அவன ஏற உடாத."

அழுதார். பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

ஆசிக் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வெங்கட் வாசலில் வந்து நின்றதும், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதல் படியில் கால் வைத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் என்னால் முடிந்தது.