நுரை நிற்கும் வரை

பெட்டியின் மூலைகளில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அடியில் ஒட்டியிருந்த செதில்களை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வாளியிலிருந்த ஃபினாயில் தண்ணீரை மறுபடியும் ஊற்றினான். பாலாக வெளுத்து நின்றது. ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் குளியலறையைக் கழுவப் போனான். கூடம், சமையலறை, வாசற்படி எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டன. திரும்பி வந்து பெட்டியைக் கவிழ்த்துக் குழாயடியில் அலசினான். நுரை நிற்கும் வரை அலசினான். நுரை நின்ற பிறகும் ஒரு தடவை அலசினான்.

கழுவுதொட்டியில் ஐஸ் பைக்குள் மீன் காத்திருந்தது. கொடுவா. விடியற்காலை ஓட்டலுக்காக ஏலக்கூடத்துக்குப் போனபோது தனக்கென்று தனியாக எடுத்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் செவுளைத் தூக்கிக் காட்டியிருந்தான். உள்ளே மாதுளை போலச் சிவந்திருந்தது. "படகிலிருந்து இறங்கினதுமே கை வெச்சுட்டேன்" என்று சொன்னதற்கு அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

இப்போது மீனைப் பெட்டியில் படுக்கவைத்து மேலும் கீழும் ஐஸைக் கொட்டி மூடினான். வீட்டு ஃபிரிட்ஜில் மீன் வைக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். பாலில் வாடை ஏறிவிடும் என்பான்.

சாயங்காலம் அக்காவும் அத்தானும் வருகிறார்கள், சின்ன மகளோடு. அத்தானுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து குழாய் வைத்த பிறகு செய்கிற முதல் பயணம். ராத்திரி தங்கிவிட்டுப் போவதாகப் பேச்சு. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஆகாது, உப்பு பேருக்குத்தான், அவித்த மீன் நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அக்கா ஃபோனில் சொன்னாள். உனக்குச் சிரமம் என்றால் வருகிற வழியில் ரொட்டி வாங்கிக்கொள்கிறோம் என்றாள்.

"மீன்காரன் வீட்டுக்கு ரொட்டியோட வருவியா?" என்றான் அவன்.

ஓட்டலில் அவனுக்குப் பெயர் செவுள். காலையில் மீன் வாங்கி வந்து இறக்குவது அவன் வேலை. செவுளைத் தூக்கிப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான், விரலால் வயிற்றை அழுத்துவான். அழுத்திய குழி மேலெழுந்தால் எடுப்பான். முகர்ந்து பார்ப்பதே இல்லை. மற்றவர்கள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் இவன் நிமிர்ந்து நின்று வாங்குவான். மேனேஜர் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிக் காட்டுவார். பார்த்தே சொல்லிடுவாரு, மோந்து பாக்க மாட்டாரு என்பார். அவன் சிரித்துக்கொள்வான்.

முன்பு அவனும் முகர்ந்துதான் வாங்கினான். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து படுத்து எழுந்த பிறகு வாசனை போய்விட்டது. சளியாக இருக்கும், வந்துவிடும் என்று இருந்தான். வரவில்லை. நாக்குக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும், உறைப்பு தெரியும். மற்றதெல்லாம் ஈரக் காகிதத்தை மெல்வது போல. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாதவனை மீன் வாங்க எந்த ஓட்டல் அனுப்பும்? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மனைவியிடம் சொல்லலாம் என்று பலமுறை நினைத்து, நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டதில் சொல்ல முடியாத விஷயமாகிவிட்டது. அக்காவிடம் சொன்னால் அத்தானுக்குப் போகும். அத்தான் வாயில் விழுந்தால் அது வேடிக்கைக் கதையாகிவிடும். அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அத்தான்தான். மேனேஜர் அவருடைய பழைய சிநேகிதர்.

வாசனை போனதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தன் மேல் என்ன வாடை அடிக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அக்கா புது வீட்டில் விருந்து வைத்தபோது வேலை முடிந்து இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் போனான். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து போய் வேறிடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து, "குளிச்சிட்டு வந்திருக்கலாம்ல தம்பி" என்றாள், காதோரமாக. சட்டையா, செருப்பா, பையா, எதில் இருந்தது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அதன்பிறகு அவன் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கூப்பிடும்போதெல்லாம் ஓட்டலில் லீவு இல்லை என்பான். அன்றிலிருந்துதான் வீட்டில் ஃபினாயில்.

மதியத்துக்கு மேல் காய்கறி நறுக்கினான். காரட், பீன்ஸ், கொஞ்சம் பட்டாணி. இஞ்சியையும் பூண்டையும் தட்டி, மிளகு இடித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்தான். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதி கரைந்து, மீன் அந்தத் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. கையில் எடுத்தால் விறைப்பாக இருந்தது. கண் மங்கவில்லை. அழுத்தினான். குழி எழுந்தது. மனதுக்குள் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டான். துண்டு போட்டு மசாலை தடவி, ஆவியில் அவிக்கிற ஓட்டைத் தட்டில் அடுக்கினான். வந்ததும் அடுப்பில் ஏற்றினால் போதும்.

அவர்களும் மனைவியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். தெருமுனையில் பார்த்துக்கொண்டார்களாம். உள்ளே வந்ததும் மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். வீடே ஃபினாயிலாக இருக்கிறது என்றாள். அத்தான் இளைத்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"மாப்ளே, இது மீன்காரன் வீடா, ஆஸ்பத்திரியா? இப்பதான் ஒண்ணுலேர்ந்து தப்பிச்சு வந்தேன், மறுபடியும் உள்ள தள்ளிட்டியே" என்றார்.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மீன் வாடை இல்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

இத்தனை வருஷமாக ஏன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அக்கா கேட்டாள். அவன் லீவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். "விடு, கழுவுற மீன்ல நழுவுற மீன் அவன். நாமதான் வலையோட வந்து புடிக்கணும்" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மாமாவின் மீன் கத்தியைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினான்.

மீன் வெந்தது. வந்தவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவன் பரிமாறினான். சோறு, அவித்த காய், ஆளுக்கொரு துண்டு. வாலில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுப் பார்த்திருந்தான். உப்பு அளவாக இருந்தது. சதை வெள்ளையாக, முள்ளிலிருந்து பூப்போலப் பிரிந்தது. அதற்கு மேல் அந்த மீனிடம் கேட்க அவனிடம் வேறு கேள்வி இல்லை.

அத்தான் ஒரு வாய் எடுத்தார். அவர் தாடை நின்றது. பிறகு நகர்ந்தது. தண்ணீர் குடித்தார். அக்கா வாயில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"நல்லா இருக்கு."

சின்னவள் மீனை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பசிக்கவில்லை என்றாள். அக்காவின் கை மேஜைக்கடியில் போனது. சின்னவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தின்றாள். மீன் தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று அவன் அவளுக்குச் சொன்னான். வயிற்றுத் துண்டாகப் பார்த்து எடுத்து அத்தான் தட்டில் வைக்கப் போனான். அவர் கையால் மறைத்தார்.

"நழுவாதீங்க அத்தான்" என்று சொல்லி விரல்களின் இடுக்கு வழியே வைத்துவிட்டான்.

தன் பதிலடியை அவர் ரசிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. இழவு வீட்டில் பாடைக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சிரிக்கவைக்கிற மனிதர். குனிந்து, பெரிய பெரிய கவளமாகச் சோற்றைச் சேர்த்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, அந்தத் துண்டையும் தின்று முடித்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்றுதான் அவன் நினைத்தான். சின்னவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். கொப்பளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போனபோது அக்கா தன் தட்டோடு பின்னாலேயே வந்தாள். தட்டில் சோற்றுக்கு அடியில் மீன் தெரிந்தது.

"கோவிச்சுக்காத தம்பி. இது ஓட்டல்ல ஒதுக்கின மீனா?"

அவனுக்கு விளங்கவில்லை.

"மருந்து வாடை அடிக்குது. வாயிலயே வைக்க முடியல. கெட்டுப் போகாம இருக்கறதுக்கு ஏதோ தடவி வைப்பாங்களாமே. அவருக்கு இப்பதான் ஒடம்பு தேறுது, அதான் கேக்கறேன்."

பெட்டி சுவரோரமாக இருந்தது. உள்ளே ஐஸ் தண்ணீர். அதன் மேல் மெல்லிய வெண்மை படர்ந்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான். நுரை நின்றால் போய்விட்டது என்று எண்ணியிருந்தான். தெர்மாகோல் குடித்து வைத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை.

ஃபினாயில் போட்டுக் கழுவிய பெட்டி என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். மசாலை தடவும்போது உனக்கு மூக்கு எங்கே போயிற்று? அதற்குப் பதில் சொன்னால் அது இன்றைக்கே அத்தானிடம் போகும். பிறகு மேனேஜரிடம்.

"ஆமாக்கா" என்றான். "மிச்சம் விழுந்தது. நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"எங்களுக்கா?" என்றாள் அக்கா.

 தட்டை மேடையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, சரி விடு, அவரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள். திரும்பியபோது வாசலில் மனைவி செம்போடு நின்றிருந்தாள். அக்கா அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள்.

ராத்திரி தங்கவில்லை. மாத்திரை ஒன்றை மறந்துவிட்டதாகவும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போனால் நல்லது என்றும் அக்கா சொன்னாள். இரண்டு பை ஆப்பிள் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று இங்கே கொடுக்க, ஒன்று அத்தானுக்கு. இரண்டையும் வைத்துவிட்டாள். உங்களுடையது என்று மனைவி எடுத்துக் கொடுத்ததற்கு, இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தார். அவனுடையதைவிட மெலிந்த கை.

"கஷ்டம்னா வாய் விட்டுச் சொல்லணும் மாப்ளே. நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை. அவர்கள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றான்.

உள்ளே மனைவி தட்டில் மீன் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்று பார்த்திருந்தாள். துப்பியது தட்டோரம் இருந்தது.

"காலைல எங்கிட்ட செவுளத் தூக்கிக் காட்டினீங்க. இப்ப எதுக்கு மிச்சம்னு சொன்னீங்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் எழுந்து போய்க் குளியலறை மூலையிலிருந்து ஃபினாயில் பாட்டிலை எடுத்துவந்தாள். மூடியைத் திருகித் திறந்து, அவன் பக்கவாட்டில் நின்று, மூக்குக்குக் கீழே பிடித்தாள். அவள் கண்ணே கலங்கியது. அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகுதான் பாட்டிலைக் கவனித்தான். கவனித்த பிறகு முகத்தைச் சுளித்தான்.

"சுளிக்க வேண்டாம்" என்றாள். "எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

அவள் மூடியைப் போட்டாள். அது மரை சரியாக ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நானும் ஒவ்வொரு தடவயும் கொழம்பு எப்படி இருக்குன்னு கேட்டேனே. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"உப்பு சரியா இருந்துச்சு" என்றான்.

அவள் மீதி மீனை ஒரு காகிதத்தில் கொட்டிச் சுருட்டினாள். தெருப் பூனைக்குப் போடுவாள் என்று நினைத்தான். பூனைக்கும் வேண்டாம் என்று குப்பையில் போட்டாள்.

மறுநாள் வழக்கம்போல ஏலக்கூடத்துக்குப் போனான். செவுளைத் தூக்கினான், அழுத்தினான், வாங்கினான். அவன் வழக்கமாக மீன் வாங்கும் பெண், நேற்றுக் கொண்டுபோன கொடுவா எப்படி என்று விசாரித்தாள். நன்றாக இருந்தது என்றான். ஓட்டலில் சமையற்காரர் மீனைக் கழுவி எடுத்துக்கொண்டார். மேனேஜர் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அழைத்துவந்து அவனைக் காட்டினார். அத்தான் ஊருக்கு வந்திருந்தாராமே, உடம்பு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றான். சாயங்காலம் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. மனைவி எடுத்தாள். அவர் குளிக்கிறார் என்றாள். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அத்தானுக்கு ஒன்றும் இல்லை, சின்னவளுக்குத்தான் வயிறு கொஞ்சம் சரியில்லை என்று ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள். பெட்டியைக் காலையிலேயே அவள் குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்தாள். மாடி வீட்டுக்காரர் அதை எடுத்துப்போய், மண் நிரப்பிக் கீரை விதைத்திருந்தார். இருவரும் ஆப்பிளை நறுக்கிச் சாப்பிட்டார்கள்.