திரைக்குத் தெரியாத வெளுப்பு

கோபத்தோடு எழுதினால் முன்னது பின்னது மாறிப்போகும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் தங்கை மகளைக் குள்ளஞ்சாவடியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. போன ஆண்டு, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், அவளுக்கு வளைகாப்பு நடந்தது. மறுநாள் காலை அவளை நெய்வேலியில் உள்ள தங்கையின் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவர நான் போயிருந்தேன். வாசலிலிருந்து காருக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாத்தான் மாமா. நடந்தா படபடன்னு வருது."

"புள்ளத்தாச்சின்னா மூச்சு வாங்காதா?" என்றார் அவள் மாமியார். "அது பரவால்லங்க. சாமி ரூம்ல இருக்கிற துந்நூற அள்ளி அள்ளித் தின்னுகினு இருக்குது. எங்க வூட்டுக்கு வந்து பக்தி முத்திப்போச்சு உங்க பொண்ணுக்கு!"

அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

அன்று அந்த ஊரில் காணொளி மருத்துவர் பார்க்கும் நாள். ஒரு அறக்கட்டளை ஊராட்சிக் கட்டடத்தின் ஓர் அறையில் இதை நடத்துகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. அதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் ஒரு சர்க்கரை மாத்திரைக்குக்கூட பஸ் பிடித்து வடலூர் போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். இப்போது வேலைக்குப் போகும் வழியில் நின்று மருத்துவரிடம் பேசுகிறார்கள். நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

போகும் வழியில் காட்டிவிடலாம் என்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். அறையில் ஒரு கணினியும் அதை இயக்கும் பெண்ணும் மட்டுமே இருந்தார்கள். செவிலியர் பக்கத்து ஊர் அறைக்குப் போயிருந்தார். இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான். என் மருமகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சள், அதன் மேல் பவுடர், பெரிய பொட்டு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். உள்ளங்கை முழுக்க, நகங்கள் உட்பட, நன்றாகச் சிவந்த மருதாணி.

திரையில் இருந்த பெண் மருத்துவர் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "அயர்ன் மாத்திரை போடறீங்களா?"

"போட்டா வாந்தி வருதுங்க டாக்டர். நிறுத்திட்டேன்."

"உள்ளங்கைய காட்டுங்க. நகத்த காட்டுங்க."

காட்டினாள்.

"கலர் நல்லாத்தான் இருக்கு. முகமும் பளிச்சுன்னு இருக்கு. மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அடுத்த மாசம் ரத்தம் பாத்துக்கலாம்."

மருதாணியைப் பார்த்து ரத்தம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும், எனக்கும்கூட, அது உறைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. குழாயடியில் முகத்தைக் கழுவினாள். மஞ்சளும் பவுடரும் போன பிறகு பார்த்தேன். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி இருந்தது முகம்.

நான் திரும்ப உள்ளே போனேன். "டாக்டரை மறுபடி கூப்பிடுங்க" என்றேன்.

"உங்க டோக்கன் முடிஞ்சிடுச்சு சார். என்ட்ரி போட்டுட்டேன். மறுபடி பாக்கணும்னா அடுத்த வாரம்" என்றார் அந்தப் பெண்.

"என்ட்ரி போட்டா மூச்சு வாங்கறது நின்னுடுமா?"

குரலை உயர்த்தினேன். பொது இடத்தில் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "என்னுத அப்புறம் பாத்துக்கலாம்மா, அந்தப் பொண்ண வுடு" என்று எழுந்துகொண்டார். அவருடைய டோக்கனில் மருத்துவரை மறுபடி திரையில் கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டியில் செவிலியர் வந்து சேர்ந்தார். அவளைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, டார்ச் அடித்து, கேமராவுக்கு நேரே முகத்தைத் திருப்பினார்.

"மேடம், இதப் பாருங்க."

இமைக்குள் சிவப்பு என்பதே இல்லை. செவிலியர் தன் பையிலிருந்த கருவியில் விரல் நுனி ரத்தத்தை வைத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே இருந்தது; பதினொன்றாவது இருக்க வேண்டும். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டாள் என்று செவிலியர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அள்ளி அள்ளித் தின்ற திருநீறும் ரத்தக் குறைவின் அறிகுறிதான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அந்த மருத்துவர் செய்ததையும் நான் எழுதியாக வேண்டும். உடனே கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். விவரங்களை அனுப்பினார். நாங்கள் போய்ச் சேரும்போது படுக்கை தயாராக இருந்தது, எங்கும் காத்திருக்கவில்லை. அன்றே ரத்தம் ஏற்றினார்கள். திரை இல்லையென்றால் இது நடந்திருக்காது.

ஆனால் இணைப்பைத் துண்டிக்கும் முன் அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"டாக்டர்கிட்ட வரும்போது இவ்ளோ மேக்கப் எதுக்கும்மா?"

என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மாமியார் கணினிக்கு முன்னால் வந்து நின்றார். "நேத்து வளைகாப்பு போட்ட பொண்ணு மஞ்சப் பூசாம மூஞ்சில கரியப் பூசிக்கினு வருமா? நீங்க பொம்பள தான? அந்த வளையலும் உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

'வளைகாப்பா, அப்படியானால் முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள்' என்று சொல்ல அந்த மருத்துவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நகத்தில் தெரியாவிட்டால் இமையில் பார்க்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம்தானே? இமையை இழுத்துக் காட்ட இந்தப் பக்கம் ஒரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் அறக்கட்டளை சிக்கனம் என்ற பெயரில் இரண்டு ஊருக்குப் பங்குபோட்டிருக்கிறது.

இதை அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். பத்து நாளில் நடவடிக்கையும் எடுத்தார்கள். அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'மஞ்சள், பவுடர், மருதாணியுடன் வருபவர்கள் பார்க்கப்பட மாட்டார்கள்.' செவிலியர் இப்போதும் ஒருவர்தான்.

நகத்தில் ஏறிய மருதாணி நகம் வளர்ந்துதான் போகும். ரத்தம் ஏற்றிய அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு, அதே மருத்துவரிடம் காட்ட, அவளை அந்தக் காணொளி அறைக்கே அழைத்துப் போனபோது நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை மாதிரிக் கொஞ்சம் தெரிந்தது. மேலே இன்னும் சிவப்பு. அன்றும் செவிலியர் இல்லை. கணினியை இயக்கும் பெண் அவள் விரலைப் பார்த்தார், கதவைக் காட்டினார்.

"படிச்சேங்க்கா" என்று சொல்லிவிட்டு என் மருமகள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே, கீழ் இமையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோனாள்.

"வணக்கம் டாக்டர். இங்க பாருங்க."