என் பெயரில் ஒரு மனை

தோல் வியாபாரத்தில் என் கணவர் பெயரைக் கெடுத்துக்கொண்ட பிறகு, திண்டுக்கல்லில் அவருக்குக் கடன் தர ஆளில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மனை வாங்கி விற்கும் ஆசை வந்தது.

ஆத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், ஊருக்கு வெளியே இருந்த தன் நிலத்தை மனைகளாகப் பிரித்துத் தவணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேராகச் சொன்னார். "பாய், உங்களை நம்பி ஒரு கூடை கத்திரிக்கா கூடத் தரமாட்டேன். வீட்டம்மா பேர்ல எழுதுவோம். அவுக கையால தவணை வரட்டும்."

இவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தவணை தொடங்கியதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. விடிவதற்குள் இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்து, இரண்டு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினேன். தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கும். கிரயம் என் பெயரில் முடிந்தது.

அடுத்த வருடமே அந்தப் பக்கம் பஸ் ஓட ஆரம்பித்து, விலை இரட்டிப்பானது. இவர் வாங்க ஆள் பிடித்துவிட்டார். விற்ற பணத்தில் இன்னும் தள்ளி இரண்டு மனை வாங்குவது என்று எங்களுக்குள் பேச்சு. பத்திரம் பதியும் நாளில், ஆபீஸ் வாசலில் வைத்து, வாங்க வந்தவர் வாய்தவறிச் சொன்னார்: "பாய் மறுபடியும் தோல் மண்டி போடப்போறாராமே." இவர் வெற்றிலை வாங்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார். மறுபடியும் தோல் என்றால் மறுபடியும் வாசலில் கடன்காரர்கள்.

வெள்ளைத் துப்பட்டிக்குள் வியர்த்துக் கொட்ட, பதிவாளர் மேசை முன் நின்றேன். பணம் அதற்குள் இவர் சட்டைப்பைக்குப் போயிருந்தது. எல்லாரிடமும் கேட்பதைப் பதிவாளர் என்னிடமும் தலை நிமிராமல் கேட்டார். "பணம் பூராவும் வாங்கிட்டீங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்லிக் கைரேகை வைப்பதுதான் வழக்கம்.

"நான் வாங்கலைங்க" என்றேன்.

பதிவாளர் நிமிர்ந்தார். வாங்க வந்தவர் இவரைப் பார்த்தார். "என்ன புள்ள, எங்கிட்டதான இருக்கு" என்று இவர் பல்லைக் கடித்தார்.

"மனை என் பேர்ல இருக்கு. பணம் என் கைக்கு வரட்டும்."

குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பத்திரம் நின்றுபோனால் என் பெயரும் ஊரில் கெட்டுவிடும். ஆனாலும் நகரவில்லை. கடைசியில் இவர் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாங்கிட்டேங்க" என்று சொல்லிப் பெருவிரலை மையில் அழுத்தினேன்.

வெளியே வந்ததும் கேட்டார்: "ஊருதான் என்னை நம்பலைன்னா, நீயுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பணத்தை மட்டும் கொடுக்கவில்லை.