ஐயா கோச்சியில் சொன்ன கதை

சப்பாத்துக்குப் பூசுகிற பொலிஷ் மணம்... எங்கள் வீட்டில் விடிவதே அந்த மணத்தோடுதான்.

கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுக்கு மேலே, மேட்டில் இருந்தது எங்கள் பங்களா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயதிருக்கும். பனி விலகுவதற்குள் ரோட்டில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளும் கோட்டு, தொப்பி, குடையோடு ஸ்டேஷனுக்கு இறங்குவார்கள். கண்டிக்குப் போகிற காலைக் கோச்சியைப் பிடிக்க. ரயிலை நாங்கள் அப்போது கோச்சி என்றுதான் சொல்வோம்.

கோச்சி போய்விட்டால் ரோடு வெறிச்சோடிவிடும்...

எல்லாம் வசதியான வீடுகள். வீட்டைச் சுற்றிப் பெரிய பெரிய வளவு. நடுவில் ஆளுயரச் செவ்வரத்தைப் பூஞ்செடி வேலி. அந்தப் பக்கம் இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்காது. இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பொம்பிளையின் முகத்தை எங்கள் அம்மா பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் கோச்சியில் செக்கண்ட் கிளாஸ் பெட்டியில் உயிர்ச் சிநேகிதர்கள்!

அதற்கு முன்னால் கண்டி டவுனில், சுவரோடு சுவர் ஒட்டின வீட்டில் இருந்தோம். அம்மா ஜன்னலில் நின்றே நாலு வீட்டோடு கதைப்பார். ஐயாவுக்கு, அதுதான் என் அப்பாவுக்கு, பெயரும் காசும் வந்ததும் இந்தப் பங்களாவை வாங்கினார்.

ஐயா புரொக்டர், வழக்குப் பேசுகிற வக்கீல். கோர்ட்டில் வாயால் பிழைக்கிற மனிதர் வீட்டில் வாயே திறக்கமாட்டார். பின்னேரம் வருவார், சாய்மனைக் கதிரையில் பேப்பரை விரிப்பார், அவ்வளவுதான். அம்மா குசினிக்குள் அழுவார். என்னம்மா என்றால் "புகையடி" என்பார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பள்ளிக்கூட லீவு விட்டதும் யாழ்ப்பாணம் போறம். இனி இஞ்சை வாறேல்லை. ஐயாட்டைச் சொல்லிப்போடாதை."

ஐயா இல்லாமலா? கேட்கப் பயம். ஐயாவுக்கும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே ஒரு மத்தியானம், பின் வளவில் வேலியை விலக்கிக்கொண்டு ஒரு பொம்பிளை வந்தார். தலையில் முக்காடு, கையில் மூடின கோப்பையில் இனிப்பு வட்டிலப்பம். பக்கத்து வீட்டுப் புடவைக்கடை ஹாஜியாரின் மனைவி. பகலில் ரோட்டுக்கு வராதவர், வேலிக்குள்ளால் வந்திருக்கிறார்.

உட்காரவே இல்லை. நேரே கேட்டார்.

"தங்கச்சி, நீங்க யாழ்ப்பாணத்துக்கே பெய்த்துடப் போறீங்களாமே? எங்கட ஊட்டு ஆள் சென்னார். மனசு கேக்கல்ல, அதான் வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் தலையைத் தலையை ஆட்டினேன், நான் இல்லை, நான் இல்லை என்று.

"புள்ளய ஏன் முறைக்கிறீங்க? உங்கட மாப்பிள்ளை, இந்தப் புள்ளட வாப்பாதான் சென்னது. கோச்சில ஏறினா உங்கட பேச்சுத்தானாம். நீங்க குசினிக்குள்ள அழுறது, ராவைக்குச் சாப்பிடாம படுக்கிறது, அடைகோழியக்கூட டோபிப் பொம்பிளைக்குக் குடுத்தது... அதையெல்லாம் பாத்துத்தான், இவ போகப்போறா, நான் என்ன செய்ய எண்டு அவங்க எல்லார்ட்டயும் கேக்குறாராம்."

"அந்த மனிசனோ?" என்றார் அம்மா. "அவர் பேப்பரை விட்டு நிமிந்தே பாக்கிறேல்லையே..."

வட்டிலப்பக் கோப்பையைப் பிடித்தபடி அழுதார். அந்த மாமி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐயாவை நினைக்கவும்தான்.

பின்னேரம் ஐயா வந்து ஒரு சப்பாத்தைக் கழற்றியிருப்பார். அம்மா முன்னால் போய் நின்றார்.

"கோச்சி முழுக்க என்ர கதை சொல்லத் தெரியுது. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கத் தெரியேல்லையோ?"

ஐயா மற்றச் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"கேட்டால், ஓம் போறன் எண்டு சொல்லிப்போடுவீர்... அதுக்குப் பிறகு நான் என்ன செய்யிறது?"

அம்மா அதற்குப் பிறகு போகவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. போனார். லீவு தொடங்கியதும் என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். ஆனால் லீவு முடிய முதலே, "பாவம், மனிசன் என்னத்தைச் சாப்பிடுதோ" என்று திரும்பக் கோச்சி ஏறிவிட்டார்.

கண்டி ஸ்டேஷனில் ஐயா நின்றார். பின்னால் ஹாஜியாரும் செக்கண்ட் கிளாஸ் பெட்டிச் சிநேகிதர்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி! அம்மாவுக்கு ஒரே வெட்கம். "ஐயோ, இவ்வளவு பேருக்குமோ சொன்னனீங்கள்?" என்றார். ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பை டவுன் வீட்டை விட்ட பிறகு அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்ப தொண்ணூறு தாண்டிவிட்டேன், இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். வளவுகளைத் துண்டு துண்டாக்கி விற்றுவிட்டார்கள். மதில்தான் உயர்ந்துகொண்டே போகிறது. காலையில் வீட்டுக்கு ஒரு கார், காருக்குள் ஒரு ஆள், கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு தனியே போகிறார்கள். கண்டிக்குப் போக அந்தக் காலக் கோச்சியை விடக் கூட நேரம் எடுக்கிறதாம்.

இதை எனக்காகப் போனில் தட்டித் தருவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஐயா கோச்சியில் அம்மாவைப் பற்றிச் சொன்னதைத் தட்டி முடித்ததும் விரலை நிறுத்திவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு என்னப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டாரு ஆச்சி," என்றாள்.

அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை.