பெண்கள் பக்கத்துக்கு ஒரு கமெரா

மட்டக்களப்பு டவுனில் கமெரா விற்கிறவர் அந்த மிரர்லெஸ் கமெராவை எனக்கு இரவலாகத்தான் தந்தார். "ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்க தங்கச்சி. பிடிச்சா எடுங்க, இல்லாட்டித் திருப்பித் தாங்க" என்றார். ஃபுல் ஃபிரேம் கமெரா. என் பழையதைவிடச் சென்சர் பெரியது. விலையும் நான் நன்றாக யோசித்துத்தான் கொடுக்க வேண்டிய விலை.

நான் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் மணப்பெண்ணின் அறைக்குள் ஆண்கள் கமெராவோடு போக முடியாது. அதனால்தான் தேற்றாத்தீவில் இருந்து பஸ் ஏறிப் போகும் எனக்கு வேலை கிடைக்கிறது. அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும். அண்ணன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பான். சில ஞாயிறுகளில் மறந்துவிடுவான்.

கமெராவைக் கொண்டுவந்த அன்று பின்னேரம் சோதிக்கத் தொடங்கினேன். ஒரு முகத்தைக் கண்டால் அது திரையில் அந்தக் கண்ணின் மேல் சின்னச் சதுரம் ஒன்றைப் போட்டுப் பிடித்துக்கொள்ளும், ஆள் அசைந்தாலும் விடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. வீட்டுக்குள் மெல்லத் திருப்பினேன். கதிரை, மேசை, ஜன்னல் சீலை. சதுரம் எங்கேயும் விழவில்லை. கடைசியில் சுவர்க் கலண்டரில் இருந்த அம்மனின் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லாததால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

பிறகு வாவிக் கரைக்குப் போனேன். தோணியில் நின்று வலை இழுத்த ஒருவரைச் சூரியனுக்கு எதிரே எடுத்தேன். இருட்டாக விழுந்த அந்தப் படத்தை வீட்டில் கணினியில் போட்டு வெளிச்சம் கூட்டியபோது, அவர் சேட்டுத் துணியில் இருந்த கோடுகூடத் தெரிந்தது. என் பழைய கமெராவில் அந்த இடம் வெறும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வாரம் காத்தான்குடியில் ஒரு கல்யாணம். வந்திறங்கிய பெண்களில் சிலர் கண் மட்டும் தெரிய முகம் மூடியிருந்தார்கள். அப்படியான முகங்களில் என் பழைய கமெரா தடுமாறும். இது கூட்டத்துக்குள்ளும் கண்களைத் தேடிப் பிடித்தது. மணப்பெண்ணின் அறையில் வெளிச்சம் குறைவு, அதற்கும் அசரவில்லை. ஆனால் மேடையைச் சுற்றி எல்.ஈ.டி. விளக்குகள். சத்தமில்லாத முறையில் வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே வரிவரியாகக் கறுப்பு விழுந்தது. சத்தத்தோடு எடுக்க மாற்றிக்கொண்டேன். பற்றரி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே இறங்கிவிட்டது. என் பழையது ஒரே பற்றரியில் முழுக் கல்யாணத்தையும் முடித்துத் தரும். சின்னக் கமெரா என்று பேர், லென்ஸைப் பூட்டினால் மணிக்கட்டு நோகிறது.

மணப்பெண்ணின் உம்மா காலையில் இருந்து இருக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். வாப்பா மவுத்தாகிச் சில வருடம், தகப்பன் இல்லாத கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தோடு வீட்டை மகளுக்குத்தான் கொடுப்பது. அந்த வீடும் மகளுக்கு எழுதியாகிவிட்டது. பின்வளவில் கட்டிய ஒற்றை அறைதான் இனி உம்மாவுக்கு.

மாப்பிள்ளை வந்து, எல்லோரும் முன்பக்கம் போன நேரம், தண்ணீர் குடிக்கப் பின்னால் போனேன். உம்மா அந்த அறை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தான் இத்தனை வருடம் சமைத்த குசினியின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விளக்கு இல்லை, பின்னேர வெளிச்சம் மட்டும். கமெராவின் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

பெண்களின் படங்கள் வெளியே போகக் கூடாது என்பதால், வேலை முடிந்ததும் மெமரி கார்டுகளை வீட்டாரிடமே கொடுத்துவிடுவேன். எத்தனையோ கல்யாணம் எடுத்தும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு அல்பம் இல்லை. அன்றும் கொடுப்பதற்கு முன் உம்மா கமெராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். அந்தப் படத்தில் கை நின்றது.

"இது ஆரு?"

"நீங்கதான் உம்மா."

கமெராவைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணோரச் சுருக்கம், முக்காட்டுக்குள் இருந்து வெளியே வந்த நரை, கண்ணில் நின்ற ஈரம், ஒன்றையும் அது மறைக்கவில்லை.

"நான் இப்பிடியா இருக்கன்?"

கமெராவைத் திருப்பி என் கையில் தந்தார்.

"மகள் கண்டா அழுவா. இத அழிச்சிடுங்க புள்ள."

ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிற கமெரா அது. இரண்டிலும் அழித்தேன். நான் எடுத்த படங்களிலேயே நல்லது அதுதான் என்று அழிக்கும்போதே தெரிந்தது.

கல்யாணம் முடிந்து கமெராவைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேட்டார், "எப்பிடி, பரவாயில்லையா?" இருட்டு, கண், விளக்கு வரி, பற்றரி, மணிக்கட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். அந்த மாதத்தில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியிருக்கவில்லை.

"கல்யாணப் படம் ரெண்டு காட்டுங்களன்."

"ஒண்டும் இல்ல அண்ணன்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மேலதிகமாக ஒரு பற்றரியும் சேர்த்துத் தரச் சொல்லி, கமெராவை நான் வாங்கிக்கொண்டேன். என் வேலைக்கு அது பெறுமதிதான். வீட்டில் சும்மா எடுத்துப் பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லை என்றுதான் இப்போதும் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் உம்மா கோல் எடுத்தார்.

"புள்ள, அந்தப் படம் எங்கயாவது கிடக்கா?"

"இல்ல உம்மா. அழிச்சிட்டனே."

"ஓம், நான்தானே சொன்னன்." பிறகு சொன்னார், "மாப்பிள்ளைக்குக் கொழும்பில வேல. மகளும் போயிட்டா. வீடு பூட்டிக் கிடக்கு. நான் பின்னுக்குத்தான் இருக்கன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். உம்மா கேட்டார்,

"அந்தப் படம் நல்லாத்தானே இருந்திச்சி?"

"ஓம் உம்மா. நல்லா இருந்திச்சி."

"ஒருநாளைக்கு வாங்க, சோறு திண்டுட்டுப் போகலாம்."

போனேன். சோறும் மீன் ஆணமும் ஆக்கி வைத்திருந்தார். அந்த அறைக்குள் பாயில் இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். கமெரா பைக்குள் இருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மழை விடும் வரை இருக்கச் சொன்னார். இருந்தேன். பிறகு வாசல் கேற் வரை குடை பிடித்து வந்து, நான் ரோட்டைக் கடக்கும் மட்டும் நின்று பார்த்தார்.